குழந்தைக்கு எம்.சி.யு. எக்ஸ்ரே: வீட்டிலிருந்தே தயாராவது எப்படி?

என் மகளுக்கு நான்கு வயதில் இரண்டாம் முறையாகச் சிறுநீர்த் தொற்று வந்தபோது, மருத்துவர் எம்.சி.யு. (சிறுநீர்ப்பையையும் சிறுநீர்ப் பாதையையும் பார்க்கும் எக்ஸ்ரே சோதனை) எடுக்க எழுதிக் கொடுத்தார். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். அப்படி நிற்கும் பெற்றோருக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் சோதனை என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். சிறுநீர்த் துவாரம் வழியாக மெல்லிய குழாய் ஒன்றை நுழைத்து, எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தைச் சிறுநீர்ப்பையில் நிரப்புவார்கள். பை நிறையும்போதும், குழந்தை சிறுநீர் கழிக்கும்போதும் படம் எடுப்பார்கள். கீழே போக வேண்டிய சிறுநீர் சிறுநீரகத்தை நோக்கி மேலே ஏறுகிறதா என்பது இதில் தெரிந்துவிடும். அந்தப் பின்னோட்டத்தை 1 முதல் 5 வரை தரம் பிரிப்பார்கள். ஆண் குழந்தைகளுக்குச் சிறுநீர்ப் பாதையில் பிறவியிலேயே அடைப்பு இருந்தாலும் தெரியும்.

படி 1: மருத்துவரிடம் பேசுங்கள்

தொற்று இருக்கும்போது இந்தச் சோதனையைச் செய்வதில்லை. காய்ச்சலோ எரிச்சலோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒவ்வாமை இருந்தால் அதையும் மறைக்காதீர்கள். பெரும்பாலும் சோதனையை ஒட்டிச் சில நாள்களுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுப்பார்கள். ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. மயக்க மருந்து கொடுப்பதாக இருந்தால் மட்டுமே வெறும் வயிறு தேவைப்படும். கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் குழந்தையைப் பட்டினி போட வேண்டாம்.

படி 2: குழந்தையிடம் உண்மையைச் சொல்லுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். "ஒன்றுமே செய்ய மாட்டார்கள்" என்று சொல்லி அழைத்துப் போனால், குழாயைப் பார்த்ததும் குழந்தைக்கு உங்கள் மீதே நம்பிக்கை போய்விடும். நான் முந்தைய நாள் மாலை பொம்மையைப் படுக்க வைத்து, ஒரு ஸ்ட்ராவைக் காட்டி, "உச்சா போகும் இடத்தில் சின்னக் குழாய் வைப்பார்கள். கொஞ்சம் எரியும், அப்புறம் வயிறு முட்டுவது போல இருக்கும். அம்மா பக்கத்திலேயே இருப்பேன்" என்றேன். உடனே அவள் கேட்டாள்: "மேசையிலேயே உச்சா போனால் திட்ட மாட்டார்களா?"

அவளுடைய பயமெல்லாம் குழாயைப் பற்றியதல்ல என்று அப்போதுதான் புரிந்தது. படுக்கையை நனைக்காதே என்று நாம்தானே பழக்கினோம்? "இன்றைக்கு மட்டும் மேசையில் போகலாம், டாக்டரே போகச் சொல்வார்" என்று நான்கைந்து முறை சொல்லுங்கள். ஊதிப் பழகக் காகிதக் காற்றாடி ஒன்றும் கொடுங்கள். மூச்சை நீளமாக ஊதும்போது உடல் தளர்ந்து, குழாய் எளிதாக உள்ளே போகும்.

படி 3: கிளம்பும் காலை

அரைஞாண் கயிற்றில் வெள்ளி மணியோ தாயத்தோ இருந்தால் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். படம் பிடிக்கும் இடத்தில்தான் அது கிடக்கும். ஜிப் இல்லாத தளர்ந்த ஆடை, மாற்று உள்ளாடை, துண்டு, பிடித்த பொம்மை, பழைய ஸ்கேன் அறிக்கைகள் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். தாய் கர்ப்பமாக இருந்தால் எக்ஸ்ரே அறைக்குள் போகக் கூடாது; அப்பாவோ பாட்டியோ உடன் போகட்டும்.

படி 4: அறைக்குள்

உங்களுக்கு ஈய அங்கி தருவார்கள். குழந்தையின் தலைமாட்டில் நின்று கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மரத்துப்போகச் செய்யும் ஜெல் தடவ முடியுமா என்று கேட்பதில் தவறில்லை. குழாய் வைப்பது சில நிமிடங்களில் முடிந்துவிடும்; சிறுநீர் வருவதற்குத்தான் நேரம் பிடிக்கும். என் மகள் இருபது நிமிடம் அடக்கிக்கொண்டே கிடந்தாள். செவிலியர் அறையிலிருந்த தண்ணீர்க் குழாயைத் திறந்து, நீர் ஓடும் சத்தம் கேட்கச் செய்து, காலில் வெதுவெதுப்பான நீரை ஊற்றினார். சட்டென்று வந்துவிட்டது. அவசரப்படுத்தாதீர்கள், அதட்டாதீர்கள்.

படி 5: வீடு திரும்பிய பிறகு

நிறையத் தண்ணீர், இளநீர் கொடுங்கள். ஓரிரு நாள் எரிச்சல் இருக்கலாம்; சிறுநீர் லேசாகச் சிவந்தும் போகலாம். எரிச்சலுக்குப் பயந்து குழந்தை அடக்கினால், வெதுவெதுப்பான நீர் நிரப்பிய டப்பில் உட்கார வைத்து அதிலேயே போகச் சொல்லுங்கள். காய்ச்சல், குளிர் நடுக்கம், வாந்தி வந்தாலோ, சிறுநீரே போகாமல் இருந்தாலோ, சிவப்பு அதிகமானாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றிரவே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.