தெரிந்த சொல்லைத்தான் அகராதியில் பார்க்க வேண்டும்

பழைய ஆங்கிலப் புத்தகத்தைக் கையில் எடுப்பவர்கள் பயப்படுவதெல்லாம் தெரியாத சொற்களுக்கு. வீண் பயம். தெரியாத சொல் வந்தால் கை தானாக அகராதிக்குப் போய்விடும். ஆளைக் கவிழ்ப்பது தெரிந்த சொல்தான். ஆறாம் வகுப்பிலிருந்து கூடவே இருக்கிற சொல், அதனால் யாரும் நிறுத்தி விசாரிப்பதில்லை.

1815 டிசம்பரில் லண்டனில் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் 'எம்மா' நாவலில் ஒரு இடம். பனி விழும் இரவில் குதிரை வண்டிக்குள் எம்மாவும் பாதிரியார் எல்டனும் தனியாக மாட்டிக்கொள்கிறார்கள். அவர் அவளிடம் 'வயலன்ட் லவ்' 'மேக்' பண்ணினார் என்று எழுதியிருக்கிறது. இன்றைய பொருளில் தமிழாக்கினால் போலீஸ் கேஸாகிவிடும். அந்தக் காலத்தில் 'மேக் லவ்' என்றால் காதலைச் சொல்லிக் கெஞ்சுவது. 'வயலன்ட்' என்றால் ஆவேசமாக. கையைப் பிடித்துக்கொண்டு மனிதர் புலம்பினார், அவ்வளவுதான்.

நான் பழைய ஆங்கில ஆவணங்களைத் தமிழாக்கும் வேலை செய்கிறவள். உள்ளூர் வரலாறு எழுதுகிறவர்கள் கிழக்கிந்தியக் கும்பினிக் காலத்துக் கடிதங்களை என்னிடம் தருவார்கள். கூடவே எம்.ஏ. படிக்கும் பிள்ளைகள் ஷேக்ஸ்பியரோடு வந்து உட்காருவார்கள். இரு தரப்புக்கும் நான் சொல்லும் வழி ஒன்றுதான்.

முதலில் சந்தேகம் வர வேண்டும். இலக்கணம் சரியாக இருக்கும், சொல்லெல்லாம் தெரிந்திருக்கும், ஆனால் வாக்கியத்தில் வரும் ஆள் செய்வது மட்டும் கிறுக்குத்தனமாக இருக்கும். அங்கே பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். 1611இல் அச்சான ஆங்கில வேதாகமத்தில், 119ஆம் சங்கீதத்தின் 147ஆம் வசனத்தில், பாடுகிறவர் தாம் விடியலை 'ப்ரிவென்ட்' செய்ததாகச் சொல்கிறார். சூரியனை எழவிடாமல் தடுத்தாரா? லத்தீனில் 'ப்ரே' என்றால் முன், 'வெனிரே' என்றால் வருதல். விடியலுக்கு முன்னே வந்தார், அதாவது இருட்டோடு எழுந்துவிட்டார்.

இங்கே தமிழ் வாசகருக்கு ஒரு சௌகரியம் உண்டு. என் மேசையில் எப்போதும் இரண்டு வேதாகமங்கள் இருக்கும்: 1611 ஆங்கிலம் ஒன்று, நம் வீடுகளில் இருக்கும் பழைய தமிழ்த் திருப்புதல் ஒன்று. தமிழில் பெயர்த்தவர்கள் எபிரேயத்தையும் கிரேக்கத்தையும் பார்த்துப் பெயர்த்தவர்கள். ஆகையால் ஆங்கிலச் சொல் காலத்தோடு திசைமாறிப் போனாலும் தமிழ் வசனம் பழைய பொருளைக் காட்டிக்கொடுத்துவிடும். விடியல் வசனத்தில் தமிழ், 'அதிகாலையில் நான் எழுந்து' என்று போகிறது. அதே 'ப்ரிவென்ட்' தெசலோனிக்கேயர் முதல் நிருபத்தில் வரும் இடத்தில் தமிழில் 'முந்திக்கொள்வதில்லை' என்று இருக்கிறது. விசுவாசம் இருக்கட்டும், இல்லாமலும் போகட்டும். இதைவிடக் கைக்கடக்கமான அகராதி எனக்குக் கிடைக்கவில்லை.

இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சும்மா புரட்டினாலே ஒரு டஜன் சொல் தேறும். 23ஆம் சங்கீதத்தில் 'ஐ ஷல் நாட் வான்ட்': ஒன்றும் வேண்டாம் என்று வைராக்கியம் பேசுவதாகப் பலர் நினைக்கிறார்கள். தமிழில் 'நான் தாழ்ச்சியடையேன்'. 'வான்ட்' என்றால் குறைபடுதல். குழந்தைகளைத் தம்மிடம் வர 'சஃபர்' செய்யுங்கள் என்று இயேசு சொல்வது 'இடங்கொடுங்கள்' என்று இருக்கும். ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் விதை தரும் பூண்டும் கனிமரமும் மனிதனுக்கு 'மீட்' ஆக இருக்கும் என்று வருகிறது. செடியில் ஏது கறி? 'மீட்' என்றால் அன்று பொதுவாக ஆகாரம். பழைய மிட்டாய்க்கடைப் பலகைகளில் 'ஸ்வீட்மீட்' என்று எழுதியிருப்பது இந்தப் பொருளின் மிச்சம். சைவர்கள் தைரியமாகச் சாப்பிடலாம்.

'லெட்' சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ரோமருக்கு எழுதிய நிருபத்தில் பவுல், உங்களிடம் வரப் பலமுறை நினைத்தேன், ஆனால் இதுவரை 'லெட்' ஆனேன் என்கிறார். விட்டார்களா, விடவில்லையா? ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் தன் தகப்பனின் ஆவிக்குப் பின்னால் ஓடும்போது, பிடித்து இழுக்கும் நண்பர்களிடம், என்னை 'லெட்' செய்கிறவனை ஆவியாக்கிவிடுவேன் என்று கத்துகிறான். இரண்டு இடத்திலும் பொருள் தடுத்தல். பழைய ஆங்கிலத்தில் விடுவதற்கு ஒரு வினை, தடுப்பதற்கு வேறொரு வினை. உச்சரிப்பு தேய்ந்து தேய்ந்து இரண்டும் ஒரே உருவத்துக்கு வந்துவிட்டன. நேர்மாறான இரண்டு பொருள் ஒரே சொல்லில் குடியிருந்தால் ஒன்று காலி பண்ணித்தான் ஆக வேண்டும். தடுக்கும் 'லெட்' காலி பண்ணிவிட்டது, இரண்டு மூலைகளைத் தவிர. டென்னிஸில் சர்வீஸ் பந்து வலையில் பட்டு உரிய கட்டத்துக்குள் விழுந்தால் நடுவர் 'லெட்' என்பது ஒன்று. இன்னொன்று உங்கள் பீரோவிலேயே இருக்கலாம். இந்திய பாஸ்போர்ட்டைத் திறந்து, குடியரசுத் தலைவரின் பெயரால் எழுதியிருக்கும் கோரிக்கையைப் படியுங்கள். இதை வைத்திருப்பவரை 'லெட் ஆர் ஹின்ட்ரன்ஸ்' இல்லாமல் போகவிட வேண்டும் என்கிறது. தடையோ இடையூறோ இல்லாமல் என்று பொருள்.

அடுத்த வேலை, படிக்கும் பக்கத்தின் மேல் ஆண்டையும் ஊரையும் எழுதிவைப்பது. சோம்பலால் இதை விடுகிறவர்கள்தான் அதிகம். இங்கிலாந்தில் 1815 முதல் 1846 வரை இருந்த 'கார்ன்' சட்டங்களை மக்காச்சோளச் சட்டம் என்று எழுதிய தேர்வுக் குறிப்பு ஒன்று என் கைக்கே வந்திருக்கிறது. மக்காச்சோளம் அமெரிக்கப் பொருள். இங்கிலாந்துக்காரனுக்கு 'கார்ன்' என்றால் தானியம், முக்கியமாகக் கோதுமை. அந்தச் சட்டங்கள் தானியச் சட்டங்கள். ஆண்டு ஒன்றேயானாலும் அட்லாண்டிக்கைத் தாண்டினால் பயிரே மாறிவிடுகிறது.

சென்னைக் கோட்டைக் காகிதங்களில் இந்தத் தொல்லை இன்னும் கூடுதல். கும்பினியார் 'ஃபாக்டரி' என்று எழுதினால் புகைபோக்கியைத் தேடாதீர்கள். அது 'ஃபாக்டர்' எனப்பட்ட வணிக முகவர்கள் தங்கிச் சரக்கு வாங்கிய பண்டகசாலை. 'ரைட்டர்' என்பது கும்பினி உத்தியோகத்தின் அடிப்படி. 1744இல் ராபர்ட் கிளைவ் சென்னையில் வந்து இறங்கியது 'ரைட்டர்' ஆகத்தான்; கதை, கட்டுரை எழுத அவர் வரவில்லை. 'மலபார்' பாஷை என்று வந்தால் கேரளத்துக்கு ரயில் ஏற வேண்டாம், பெரும்பாலும் அது தமிழ். 1779இல் வேப்பேரியில் அச்சான ஜெர்மன் பாதிரியார் ஃபப்ரீஷியஸின் தமிழ் அகராதி தலைப்பிலேயே தன்னை 'மலபார்' அகராதி என்று சொல்லிக்கொள்கிறது.

இதில் எனக்குப் பிடித்தது 'கேஷ்'. கணக்கில் மூன்று பத்தி இருக்கும்: 'பகோடா' (வராகன்), 'ஃபனம்' (பணம்), 'கேஷ்'. மூன்றாவது பத்தியை ரொக்கம் என்று பெயர்த்தால் மொத்தக் கணக்கும் குப்புற விழும். அது நம்முடைய காசு. 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். காசு என்ற சொல் போர்த்துகீசியர் வாய் வழியாக ஆங்கிலத்துக்குள் போனது. ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' வேறு சாதி. பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களிலிருந்து வந்தது. எழுத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரிவதால், பத்தியில் உள்ள எண்ணைப் பாருங்கள். அது ஒருபோதும் 79ஐத் தாண்டவில்லை என்றால் காசு.

இப்போது அகராதி. நாம் பள்ளியில் பழகிய மாணவர் அகராதிகள் இன்று அதிகம் புழங்கும் பொருளை முதலில் போடும். இந்த வேலைக்கு அவை உதவாது. மெரியம் வெப்ஸ்டர் அகராதியில் பழைய பொருள் முன்னால் வரும், இணையத்தில் காசில்லாமல் கிடைக்கும், தொடங்க அது போதும். 18ஆம் நூற்றாண்டுப் பிரதி என்றால் சாமுவேல் ஜான்சனின் 1755 அகராதியையே இணையத்தில் திறந்துவிடுங்கள்; அந்தக் காலத்து ஆளிடமே கேட்ட மாதிரி. அவர் 'என்தூசியாசம்' என்பதற்கு, கடவுள் தனக்குத் தனியாகச் சேதி சொன்னதாக நம்பும் வீண் மயக்கம் என்று விளக்கம் தருகிறார். அன்றைய போதகர் ஒருவரிடம் அது நிறைய இருந்ததாக யாராவது எழுதியிருந்தால், அது திட்டு. எல்லாவற்றுக்கும் மேல் பெரிய ஆக்ஸ்ஃபோர்டு அகராதி. 1884இல் முதல் பகுதி வந்து 1928இல்தான் முடிந்த வேலை. நல்ல கல்லூரி நூலகங்களில் பார்க்கலாம். ஒவ்வொரு பொருளுக்கும் கீழே ஆண்டோடு மேற்கோள்கள் இருக்கும். வழக்கொழிந்த பொருளுக்கு முன்னால் சின்னக் குத்துவாள் குறி இருக்கும். விளக்கத்தை மேலோட்டமாகப் பாருங்கள், மேற்கோள்களை நிதானமாகப் படியுங்கள். உங்கள் பிரதியின் ஆண்டை ஒட்டி எந்தப் பொருளுக்கு மேற்கோள் இருக்கிறதோ, அங்கே தேடுங்கள்.

சில சமயம் ஒரே ஆண்டில் மூன்று பொருளும் உயிரோடு இருக்கும். 'நைஸ்' அப்படிப்பட்டது. அறியாதவன் என்ற லத்தீன் சொல்லில் பிறந்து, 14ஆம் நூற்றாண்டில் முட்டாள் என்று அலைந்து, பிறகு எதிலும் குற்றம் பார்க்கும் சுத்தக்காரனாகி, நுட்பமானதாகி, 18ஆம் நூற்றாண்டில்தான் 'நல்ல' என்ற இடத்துக்கு வந்தது. 1817 கடைசியில் வெளிவந்த 'நார்த்தாங்கர் ஆபி' நாவலில், ஒரு புத்தகத்தை 'நைஸ்' என்று புகழும் கேத்தரினை ஹென்றி டில்னி கிண்டலடிக்கிறான். புதுப் பொருள் பரவிவிட்டது, பழசை மறக்காதவர்களுக்கு எரிச்சலும் இருந்தது என்று அதிலிருந்தே தெரிகிறது. இப்படிப்பட்ட சொல்லுக்கு ஒவ்வொரு பொருளையும் தமிழில் போட்டு வாக்கியத்தை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். பிறகு அதே ஆசிரியர் அந்தச் சொல்லை வேறெங்கே எழுதியிருக்கிறார் என்று தேடுங்கள். ஆஸ்டினின் 'கேண்டிட்' எனக்குப் பிடிபட்டது இப்படித்தான். முகத்துக்கு நேரே பேசுவது என்று போட்டால் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலின் ஜேன் பென்னட்டுக்குக் கொஞ்சமும் ஒட்டாது. யாரைப் பற்றியும் நல்லதாகவே நினைப்பது என்று போட்டால் அந்தப் பெண்ணின் குணம் முழுதும் அதில் வந்துவிடுகிறது.

பழகப் பழக எல்லாச் சொல்லிலும் பூதம் தெரியும், அதுவும் நோய்தான். பழைய பொருள்தான் உண்மைப் பொருள் என்று வாதாட வேண்டாம், இன்று 'நைஸ்' என்றவரை முட்டாள் என்றாயா என்று கேட்கவும் வேண்டாம். சுவாரசியமான பிறப்புக் கதைகளையும் நம்ப வேண்டாம். இந்தியா வரும் கப்பலில் நிழல் விழும் பக்கத்து அறைச் சீட்டில் அச்சடித்த P.O.S.H. என்ற நான்கு எழுத்துதான் பகட்டைக் குறிக்கும் 'பாஷ்' ஆனது என்பார்கள். அப்படி ஒரு சீட்டையும் யாரும் இதுவரை காட்டியதில்லை.

குறிப்பு நோட்டில் சொல், ஆண்டு, ஊர், வந்த வரி, அங்கே பொருந்திய தமிழ், இவ்வளவும் ஒரே வரியில் எழுதுங்கள். ஆரம்பிக்க என் நோட்டிலிருந்து சில: 'பிரசன்ட்லி' என்றால் ஷேக்ஸ்பியரிடம் உடனே. 'சில்லி' முதலில் பாக்கியவான், பிறகு அப்பாவி. 'கேர்ள்' ஒரு காலத்தில் ஆணோ பெண்ணோ எந்தக் குழந்தையும். 'டியர்' (இன்று மான்) எந்த விலங்கும். 'லியர் அரசன்' நாடகத்தில் எலிகூட அந்தக் கணக்கில் வருகிறது. 'கான்வர்சேஷன்' என்றால் நடத்தை. 'நாட்டி' என்றால் கெட்டுப்போனது. எரேமியா 24இல் அத்திப்பழங்கள் 'நாட்டி' ஆக இருப்பதால் யாரும் தின்ன முடியவில்லை. 'வேர்ஃபோர்' என்றால் ஏன். ஜூலியட் மாடியில் நின்று ரோமியோ எங்கே இருக்கிறான் என்று தேடவில்லை. நீ ஏனடா போயும் போயும் அந்தக் குடும்பத்து ரோமியோவாக இருந்து தொலைக்கிறாய் என்று கேட்கிறாள்.