கார்லோவி வாரி: கையைக் கடிக்காத இரண்டு நாள்

செக் நாட்டில் வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போன ஊர் இது. பிராக் நகரின் ஃப்ளோரென்ஸ் நிலையத்திலிருந்து பஸ் பிடியுங்கள். இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே மேல். ரயில் சுற்றிக்கொண்டு போகும். ஜூலைத் தொடக்கத்தில் திரைப்பட விழா, அறை வாடகை எகிறிவிடும். அந்த வாரம் வேண்டாம்.

ஊற்றுநீருக்குக் காசில்லை. மில் என்ற தூண் மண்டபத்தில் மட்டுமே ஐந்து ஊற்றுகள். கைப்பிடியே உறிஞ்சுகுழலாக இருக்கும் சின்னப் பீங்கான் குவளை ஒன்று வாங்குங்கள். பிளாஸ்டிக் உதவாது: வ்ரிட்லோ ஊற்றுநீர் 70 டிகிரியைத் தாண்டிச் சுடும். பிடித்து, ஆறவிட்டு, நடந்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுங்கள். உப்புக் கரிக்கும், இரும்பு வாடையும் வரும். சும்மா கிடைக்கிறதே என்று நாலைந்து குவளை குடித்தால் வயிறு பிடுங்கிக்கொள்ளும். இந்த நீர் பேதி மருந்து மாதிரி. முதல் நாள் ஒன்றே போதும். வாய் மாற்ற, சூடான வட்ட வேஃபர்.

குன்றின் மேலிருக்கும் டயானா காட்சிக் கோபுரத்துக்கு மலைரயில் எதற்கு? காட்டுப்பாதையில் ஏறிவிடலாம்.