ஒரு மூட்டை அரிசி ஒரு மாதம் வராது: நிவாரண உதவியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பர்மாவில் ரங்கூன், பெகு, மோல்மேன் கோயில்களில் ஐந்நூறு இலைக்கு எவ்வளவு அரிசி களைய வேண்டும் என்று கேட்டால், மடைப்பள்ளியில் நிற்பவர் யோசிக்காமல் பதில் சொல்வார். ஆனால் அன்னதானம் ஒருவேளைச் சோறு. சண்டையால் ஊரை விட்டு வந்த குடும்பத்துக்கு மாதம் முழுக்க அடுப்பு எரிய வேண்டும். அன்னதானக் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவருவதில்தான் பாதித் தவறுகள் தொடங்குகின்றன.

அரிசியிலிருந்தே பார்ப்போம். ஆளுக்கு நாளைக்கு 400 கிராம் என்று வைத்தால் ஐந்து பேருக்கு 2 கிலோ. நம் ஊர் அளவில் அது கிட்டத்தட்ட ஒரு பியி, அதாவது எட்டுக் கெட்டிப்பால் டின் அளவு. மூட்டைக்கு 24 பியி. "குடும்பத்துக்கு ஒரு மூட்டை, ஒரு மாதத்துக்கு ஆச்சு" என்று கொடுத்துவிட்டு வந்தால் இருபத்தைந்தாம் நாள் காலையில் பானை காலி. அந்தக் கடைசி வாரத்தில்தான் தாய் தன் பங்கைக் குறைப்பாள், கடன் வாங்குவாள், பெரிய பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வேலைக்கு அனுப்புவாள். ஆறு பியி கூடுதலாகக் கொடுங்கள். முடியாவிட்டால் 24 நாளில் அடுத்த தவணையைக் கொண்டுபோங்கள்.

கூடவே அதே குடும்பத்துக்கு மாதம் 9 கிலோ பருப்பு, ஏறக்குறைய 4 கிலோ எண்ணெய், 750 கிராம் அயோடின் உப்பு வேண்டும். பட்டியலில் வெறும் எண் மட்டும் எழுதி அலகை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. கடைக்காரர் வீசையில் நிறுப்பார், நன்கொடையாளர் கிலோவில் நினைப்பார். பர்மா வீசை 1.63 கிலோ, 9 கிலோ பருப்பு ஐந்தரை வீசைதான். வெறும் "9" என்று எழுதிய சீட்டோடு கடைக்குப் போனால் 14 கிலோவுக்கு மேல் கட்டி, மற்றக் குடும்பங்களின் பணம் அங்கேயே தீர்ந்துவிடும். (வீசை என்ற சொல் நம்முடையதுதான், எடைதான் நம்முடையதல்ல. தமிழ்நாட்டுப் பழைய வீசை ஏறக்குறைய 1.4 கிலோ.)

எந்தப் பருப்பு என்பதும் முக்கியம். முழுக் கொண்டைக்கடலை மலிவாகத் தெரியும். மூன்று செங்கல் அடுப்பில், ஈர விறகில், அது வேகவே வேகாது. உடைத்த மைசூர்ப் பருப்பு அரை மணியில் குழைந்துவிடும். கரேன், மோன் இனக் குடும்பங்களுக்குச் சாம்பார்ப் பொடி கட்டி அனுப்பாதீர்கள். ங்கப்பி (புளிக்கவைத்த மீன் விழுது) கொடுங்கள், சோறு இறங்கும். எண்ணெயைப் பிளாஸ்டிக் பையில் கட்டினால் வழியிலேயே பிய்ந்து அரிசியைக் கெடுக்கும், மூடியுள்ள பாட்டில்தான் சரி. அரிசியைப் பத்துப் பத்துக் கிலோவாகப் பிரித்துக் கட்டுங்கள். இடுப்பில் குழந்தையோடு வருபவள் 50 கிலோ மூட்டையை எப்படித் தூக்குவாள்? கூலி கொடுத்துத் தூக்க வைத்தால் கூலி அந்த அரிசியிலிருந்தே போகும்.

பால் மாவு விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். கைக்குழந்தை என்றதும் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது பால் டின்தான். சுத்தமான தண்ணீரும், கொதிக்க வைக்க விறகும், புட்டியைக் கழுவ வசதியும் இல்லாத இடத்தில் பால் மாவு வயிற்றுப்போக்கையே கொண்டுவரும். டின் தீரும்போது இன்னும் நாலு நாள் ஓட்டலாமென்று தண்ணீரைக் கூட்டுவார்கள். அதற்குள் தாய்க்குப் பாலும் வற்றியிருக்கும். டீக்கடைக் கெட்டிப்பாலைக் கரைத்துக் கொடுப்பது இதைவிட மோசம். அதில் இருப்பது பெரும்பாலும் சர்க்கரை, சில டின்களில் பாலே குறைவு, பாமாயில்தான் அதிகம். பால் மாவைப் பொதுவில் வினியோகிக்கவே கூடாது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும், ஆகவே தாய்க்குச் சாப்பாடு கொடுங்கள். பாலூட்டுபவளுக்கு நாளைக்கு, அரிசி அளக்கும் டின்னால் அரை டின் அரிசியும் ஒரு கைப்பிடிப் பருப்பும் கூடுதலாக வைத்து, உட்கார்ந்து பாலூட்ட ஒரு மூலையில் திரை கட்டுங்கள். தாய் இல்லாத குழந்தை என்றால் செவிலியர் கண்காணிப்பில், இடையில் தீர்ந்துபோகாதபடி பால் மாவு கிடைக்கச் செய்து, கிண்ணத்தில் புகட்ட வேண்டும். 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள பிள்ளையின் மேல்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் அது கடுமையான ஊட்டக்குறைவு. அரிசிப் பையைக் கொடுத்து அனுப்பிவிடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

பழைய புடவை மூட்டைகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. நல்ல மனதோடுதான் தருகிறார்கள். தமெயின் (பர்மியப் பெண்கள் இடுப்பில் சுற்றும் கைலி) கட்டும் பெண்ணுக்கு ஆறு கஜம் எதற்கு? ஆளுக்கு இரண்டு தமெயின் கொடுங்கள்: ஒன்று உடுத்த, ஒன்று மார்புவரை கட்டிக் குளிக்க. திறந்த குழாயடியில் மாற்றுத்துணி இல்லாத பெண் குளிக்காமலே இருந்துவிடுவாள்.

மாதவிடாய்ப் பொருளில் உள்ளாடையை மறந்துவிடுகிறார்கள். அது இல்லாமல் நாப்கின் எங்கே நிற்கும்? ஒருமுறை பயன்படுத்துவது என்றால் மாதம் 15, துவைக்கும் துணி என்றால் வருடத்துக்கு 6, அதோடு மூடியுள்ள வாளி, மாதம் 250 கிராம் குளியல் சோப்பு, 200 கிராம் துணி சோப்பு. துணி நாப்கின் தருவதற்கு முன் எங்கே உலர்த்துவார்கள் என்று கேளுங்கள். பெண்களின் கீழாடைக்கு அடியில் ஆண்கள் நடந்தால் அவர்களின் "ஹ்போன்" (ஆணுக்கு உண்டென்று நம்பும் மகிமை) குறையும் என்ற நம்பிக்கை பர்மியரிடம் உண்டு. மண்டபத்துக் கொடியில் போட மாட்டார்கள், இருட்டில் மறைத்துக் காயவைப்பார்கள், ஈரம் போகாது. மறைவாக வெயில்படும் ஓரிடத்தில் தனிக் கொடி கட்டுங்கள். கயிறு அதிக விலை இல்லை. இதையெல்லாம் ஆண்கள் மேசை போட்டு நின்று வினியோகிக்கக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டாம்.

மிக ஆபத்தான தவறு பெயர்ப்பட்டியல். 2024 பிப்ரவரியில் கட்டாய இராணுவச் சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 18 முதல் 35 வயது வரை ஆண்களும் 18 முதல் 27 வரை பெண்களும் அதற்குள் வருகிறார்கள். ஒவ்வொருவரின் பெயர், வயது, சொந்தக் கிராமம், அடையாள அட்டை எண் எல்லாம் எழுதிய நோட்டு சோதனைச் சாவடியில் யார் கையில் சிக்குமோ. உங்களுக்குத் தேவை குடும்ப எண்ணிக்கை, ஐந்து வயதுக்குட்பட்டோர், கர்ப்பிணி, பாலூட்டுபவர், முதியவர். அவ்வளவுதான். எண் போட்ட டோக்கன் கொடுத்தால் பெயரே வேண்டாம். அட்டையையோ குடும்பப் பதிவேட்டையோ "ஃபைலுக்கு" என்று அசலாக வாங்கி வைக்காதீர்கள், அது இல்லாமல் அவர்கள் பேருந்தில்கூடப் போக முடியாது.

படமும் அப்படித்தான். மூட்டையோடு முகம் தெரிய நிற்கும் பெண்ணின் படம், கீழே ஊர்ப்பெயர், உடனே ஃபேஸ்புக்கில். அவள் எங்கே இருக்கிறாள் என்று அவளைத் தேடுபவருக்கு நீங்களே சொல்லிவிட்டீர்கள். நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்ட அடுக்கிய மூட்டைகளின் படமும் கடை ரசீதும் டோக்கன் எண்ணிக்கையும் போதும்.

குடும்பத்தை வீட்டில் தங்கவைத்தால் இரவு விருந்தினரை வார்டு அலுவலகத்தில் பதிய வேண்டும். 2016இல் எடுக்கப்பட்ட இந்த விதி 2021 பிப்ரவரியில் திரும்ப வந்துவிட்டது. பதிவதா வேண்டாமா என்பதை அந்தக் குடும்பத்தோடு பேசாமல் முடிவு செய்யாதீர்கள், விளைவு இரண்டு வீட்டுக்கும்தான்.

அடிபட்ட பெண் வந்தால் பெரியவர்களைக் கூட்டிப் பஞ்சாயத்து வைப்பது நம்மவர் பழக்கம். கணவனை எதிரே உட்காரவைத்து அவளைப் பேசச் சொன்னால் அவள் பேசமாட்டாள், இராத்திரி மறுபடியும் அடி விழும். தனியாக, ஒரு பெண் மட்டும் கேளுங்கள், நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். பாலியல் வன்முறை என்றால் நேரம்தான் முக்கியம்: எச்ஐவி தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், கருத்தடை அவசர மாத்திரை 120 மணிக்குள், முந்தினால் அதிகப் பலன். எந்த மருத்துவமனையில் இவை இருக்கின்றன என்பதை இன்றைக்கே விசாரித்து வையுங்கள்.

தாயால் வளர்க்க முடியவில்லை என்று பிள்ளையை விடுதிக்கு அனுப்ப உதவுவதும் வேண்டாம். விடுதிக்குக் கட்டும் பணத்தைத் தாயிடம் மாதாமாதம் கொடுங்கள்.

பணமாகக் கொடுக்கும்போது கியாட் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். கிழிந்ததையும், மடிப்பில் தேய்ந்ததையும் கடையில் வாங்க மாட்டார்கள், பெரிய நோட்டுக்குச் சந்தையில் சில்லறையும் கிடைக்காது. விலை ஏறிக்கொண்டே போவதால் நன்கொடையாளரிடம் "மாதம் இத்தனை கியாட்" என்று வாக்கு வாங்காமல் "மாதம் இத்தனை பியி" என்று வாங்குங்கள். ஆறு மாதம் கழித்து முந்நூறு பியிக்குச் சொன்ன பணத்தில் இருநூறு பியிகூட வராவிட்டால், எந்தக் குடும்பத்தை நிறுத்துவது என்று உட்கார்ந்து பேசவேண்டி வரும்.