மாசி பங்குனியில பருந்து பாக்குறவங்க, நிறத்தை கடைசியா பாருங்க

பனிக்காலத்துக்கு வடக்கேருந்து வந்த பருந்து கழுகெல்லாம் மாசி கடைசியிலேருந்து பங்குனி வரைக்கும் ஒவ்வொண்ணா ஊர் திரும்பும், அந்த நாள்ல காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டை பக்கம் இருக்கவங்க அண்ணாந்து பாத்துக்கிட்டே இருங்க. ஒரே இனத்துல வெள்ளை வயிறும் இருக்கும் முழுக்க கருப்பும் இருக்கும், அதைத்தான் மார்ஃப்னு சொல்றோம், பிறவியிலேயே வர்ற நிறம்.

காலையில ஒம்போது மணிக்கு மேல போனா போதும், செம்மண் பொட்டல் சூடாகி வெக்கை மேல எழும்புனாதான் இதுங்க றெக்கை அடிக்காம வட்டம் போட்டு ஏறும். கண்மாய்க்கரை நல்ல இடம், இல்லைன்னா ஆச்சி வத்தல் காயப்போடுற மொட்டைமாடியே போதுங்க.

முதல்ல கரும்பருந்தை கண்ணுக்கு பழக்கிக்கங்க. கறிக்கடை மேல தினமும் சுத்துமே அதான், வால் நடுவுல வெட்டுன மாதிரி குழிஞ்சிருக்கும், அதை அப்படி இப்படி திருப்பிக்கிட்டே பறக்கும். ஏன் சொல்றேன்னா பூட்டட் ஈகிள்னு ஒரு சின்ன கழுகு இருக்கு, பருந்து சைஸுதான், அதோட கருப்பு மார்ஃபை நிறைய பேரு கரும்பருந்துன்னு நெனச்சு விட்டுடுறாங்க. பள்ளத்தூர் பக்கம் ஒரு ஊருணி மேல சுத்துனதை நானும் அப்படித்தான் விட்டுட்டு கேமராவை இறக்கிட்டேன், அது நேரா என் பக்கம் திரும்புச்சு பாருங்க, கழுத்தும் றெக்கையும் சேர்ற எடத்துல ரெண்டு பக்கமும் வெள்ளைப் பொட்டு, எதுக்க வர்ற வண்டியோட ஹெட்லைட் மாதிரி, கையெல்லாம் நடுங்கிருச்சு. வெளிர் மார்ஃபுக்கும் அந்தப் பொட்டு உண்டு, ஆனா வயிறு வெள்ளை, றெக்கையோட பின்பாதி கருப்பு. ரெண்டுக்குமே வால்ல குழிவு கிடையாது.

தேன் பருந்துதான் ரொம்ப குழப்பும், வெளிர், செம்பழுப்பு, கரும்பழுப்புன்னு எல்லா நிறத்துலயும் வரும். நிறத்தை விட்டுட்டு நீண்ட கழுத்து, புறா மாதிரி சின்ன தலை, வால்ல அகலமான கருப்புப் பட்டை, இந்த மூணையும் பாருங்க.

கண்மாய் கோரைக்கு மேல தாழ்வா, றெக்கையை லேசா மேல தூக்கிப் பிடிச்சு மிதந்து போனா அது பூனைப்பருந்து. சேத்துப் பூனைப்பருந்துல கருப்பு மார்ஃப் அபூர்வம், மான்டேகு பூனைப்பருந்துலயும் உடம்பெல்லாம் கரிப்புகை நிறத்துல ஒண்ணு உண்டு, கெடைச்சா போட்டோ எடுக்காம விடாதீங்க.

வெளிச்சம் ஏமாத்தும், அதை மறக்காதீங்க. சூரியனுக்கு எதிர்ல எல்லாப் பறவையும் கருப்புதான், தாழப் பறந்தா செம்மண்ணோட சாயல் வெள்ளை வயித்துலயும் அடிக்கும். அதனால ஒரு வட்டம் முழுக்க சுத்தி முடிக்கிற வரை பாத்துட்டு முடிவு பண்ணுங்க, வெள்ளை வானத்துல போட்டோ எடுத்தா எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்குற வெளிச்சத்தை, ஒரு ஸ்டாப் (+1) ஏத்துங்க. அங்கங்க திட்டுத்திட்டா வெள்ளை இறகு இருந்து ரெண்டு பக்கமும் ஒத்துப்போகலைன்னா அது பெரும்பாலும் நிறமிக் குறைபாடு, மார்ஃப்னு எழுதிறாதீங்க.

பொட்டல்ல ஆடு மேய்க்கிற அண்ணன்மார்கிட்ட பேசுங்க, பூனைப்பருந்து சாயங்காலம் எந்தப் புல்லுல கூட்டமா எறங்குதுன்னு அவங்க தினம் பாக்குறாங்க. அதுங்க தரையிலதான் தூங்கும், அந்தப் புல்லுக்குள்ள மட்டும் போயிறாதீங்க, லொகேஷனும் யாருக்கும் அனுப்பாதீங்க.