ஓவர்டோஸுக்குப் பிறகு வார்டில் வைத்திருக்கும் அந்தச் சில நாள்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு நைட் டூட்டி. இரண்டு மணிக்கு ரவுண்டு போனேன். வேலைக்குச் சேர்ந்து ஆறு வாரம் ஆன சிஸ்டர் ஒருத்தி கேஸ் ஷீட்டில் "ஆக்சிஜன் 98, நன்றாக உறங்குகிறார்" என்று எழுதி வைத்திருந்தாள். கட்டிலருகே நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு முழு நிமிடம் அந்தப் பையனின் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணினேன். ஏழு மூச்சுதான்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் இதே வரியை நானும் எழுதியிருக்கிறேன். அன்று ஒரு மூத்த சிஸ்டர் வந்து எண்ணிப் பார்த்ததால் அந்த நோயாளி பிழைத்தார். என் தவறுகளையே புதிதாக வருபவர்களும் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. கையுறை போடுங்கள், லைன் போடுங்கள் என்பதெல்லாம் படிக்கும்போதே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

எங்கள் டெல்டாப் பக்கத்து வார்டுக்கு வருபவர்கள் பெரும்பாலும் வலி மாத்திரைக்காரர்கள். டேபென்டடால், டிரமடால் என்று அபின் போல வேலை செய்து, அளவு மீறினால் மூச்சை அமுக்குகிற மாத்திரைகள். சிலர் விழுங்குகிறார்கள், சிலர் ஊசியாகவே ஏற்றிக்கொள்கிறார்கள். கீழே சொல்வதெல்லாம் அவர்களை மனதில் வைத்துத்தான்.

ஆக்சிஜன் எண்ணைப் பார்த்துவிட்டு மூச்சை எண்ணாமல் விடுவது

மாஸ்க் வழியாக ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்தால், மூச்சு குறைந்தாலும் விரலில் மாட்டிய கருவி வெகுநேரம் 98 காட்டும். அதற்குள் ரத்தத்தில் கரியமில வாயு ஏறிக்கொண்டே போகும். நிமிடத்துக்குப் பன்னிரண்டுக்குக் கீழே போனால் டாக்டரைக் கூப்பிடுங்கள். முப்பது விநாடி எண்ணி இரண்டால் பெருக்காதீர்கள். இவர்களுக்கு மூச்சு சீராக வராது.

குறட்டையையும் ஆழ்ந்த தூக்கம் என்று நினைக்காதீர்கள். நாக்கு பின்னால் சரிந்து வழியை அடைக்கிற சத்தமாகவும் அது இருக்கலாம்.

கண்மணி சுருங்கியிருந்தால் பூச்சிமருந்து என்று முடிவு கட்டுவது

வயல் ஊர் என்பதால் இந்தத் தவறு நமக்கு எளிதாக வருகிறது. நினைவில்லாமல் ஒருவரைத் தூக்கி வருகிறார்கள், கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. உடனே எல்லோர் கையும் பூச்சிமருந்து விஷத்தை முறிக்கிற அட்ரோபினுக்குப் போகிறது. பூச்சிமருந்து குடித்தவருக்கு வாயில் எச்சில் வழியும், வேர்த்துக் கொட்டும், தசை துடிக்கும், மருந்து வாடை அடிக்கும். மாத்திரையில் விழுந்தவர் வறண்டு, அசையாமல், மூச்சு மட்டும் குறைந்து கிடப்பார். முழங்கை மடிப்பில் ஊசித் தழும்பு இருக்கிறதா, சட்டைப்பையில் மாத்திரை அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். சர்க்கரை அளவையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

நலோக்சோனை ஒரே தள்ளாகத் தள்ளுவது

இந்த மாத்திரைகளின் வேலையை முறிக்கிற ஊசிதான் நலோக்சோன். மூச்சே இல்லாதவருக்கு அவசரம் வேறு. அங்கே பையை அழுத்தி மூச்சு கொடுத்துக்கொண்டே டாக்டர் சொல்கிற அளவைக் கொடுக்க வேண்டியதுதான். மூச்சு மெதுவாக இருப்பவருக்கு 0.4 மில்லிகிராம் ஆம்பூலை 10 மில்லி சலைனில் கலந்து, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு மில்லியாகக் கொடுங்கள். மூச்சு வந்தால் போதும், எழுந்து பேச வேண்டியதில்லை. மொத்தமாகத் தள்ளினால் தினமும் மாத்திரை போட்டுப் பழகிய உடம்பு ஒரே நொடியில் வித்ட்ராயலில், அதாவது பழகிய மருந்து நின்றால் வருகிற அவதியில், விழும். வாந்தி எடுப்பார், கையை உதறுவார், ட்ரிப்பைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவார். ஓடியவரைத் தேடி பஸ் ஸ்டாண்டு வரை அட்டெண்டரோடு நானே போயிருக்கிறேன்.

எழுந்து டீ கேட்டதும் அனுப்பிவிடுவது

நலோக்சோன் வேலை செய்வது 30 முதல் 90 நிமிடம். உள்ளே போன மாத்திரை அதைவிட அதிக நேரம் நிற்கும். மெல்லக் கரைகிற வகையாக இருந்தால் இன்னும் நீளும், இதே இனத்தில் நெடுநேரம் நிற்கிற மெதடோனாக இருந்தால் ஒரு நாளுக்கு மேலும் இழுக்கும். டீ குடித்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தவர் இரண்டு மணி நேரம் கழித்துத் தூக்கத்திலேயே மூச்சை நிறுத்தலாம். கடைசி நலோக்சோன் கொடுத்த நேரத்தை ஷீட்டின் தலைப்பில் பெரிதாக எழுதி வையுங்கள்.

டிரமடால் என்றால் வலிப்பை மறப்பது

டிரமடால் அதிகமானால் வலிப்பும் வரலாம். நலோக்சோன் அந்த வலிப்பைத் தடுக்காது.

மாத்திரை அட்டையைத் தூக்கி எறிவது

உள்ளே என்ன போனது என்பது அட்டையில்தான் தெரியும். பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரையாக இருந்தால் கல்லீரலையும் பார்க்க வேண்டும்.

அழுந்திக் கிடந்த கையைப் பார்க்காமல் விடுவது

ராத்திரி முழுக்க ஒரே பக்கம் கிடந்திருந்தால் தசை நசுங்கிச் சிறுநீரகம் போகும். சிறுநீர் டிக்காஷன் நிறத்தில் வந்தால் உடனே சொல்லுங்கள்.

"சுத்தமாயிட்டான்" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புவது

இதை இன்றைக்கும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

பல வருடத்துக்கு முன் வெண்ணாற்றங்கரைக் கிராமத்துப் பையன் ஒருவனை எங்களிடம் சேர்த்தார்கள். வயது இருபத்திரண்டு. வந்தபோது மூச்சு இல்லை, பிழைத்தான். பத்து நாள் வைத்திருந்தோம். முதல் நான்கு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான். ஆறாம் நாள் இட்லி கேட்டான். பத்தாம் நாள் சவரம் செய்து, முகம் தெளிந்து, அவன் அம்மாவோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். சத்து மாத்திரையும் தூக்க மாத்திரையும் எழுதிக் கொடுத்து அனுப்பினோம். டிஸ்சார்ஜ் ஷீட்டில் "நலமுடன் செல்கிறார்" என்று எழுதியது நான்.

ஆடிப்பெருக்கு அன்று பழைய கூட்டாளிகளோடு உட்கார்ந்து, முன்பு போடுகிற அதே அளவைப் போட்டிருக்கிறான். படித்துறையிலிருந்து தூக்கி வரும்போதே உயிர் இல்லை. பதினைந்து நாள் கழித்து அவன் அம்மா வார்டுக்கு வந்தார். சண்டை போடவில்லை. "நல்லாத்தானே அனுப்புனீங்க சிஸ்டர்?" என்று மட்டும் கேட்டார்.

நடந்தது இதுதான். தினமும் போட்டுப் போட்டு அவன் உடம்பு அந்த அளவைத் தாங்கப் பழகியிருந்தது. வார்டில் இருந்த பத்து நாளில் அந்தத் தாங்கு சக்தி இறங்கிவிட்டது. ஆசை இறங்கவில்லை. பழைய அளவு அவன் நினைவில் அப்படியே இருந்தது. எதையும் தாங்க முடியாத உடம்பாக்கி, ஆசையை அடக்க மருந்தும் தராமல் நாங்களே அவனை வெளியே விட்டோம். போதாததற்கு மூச்சை இன்னும் அமுக்குகிற தூக்க மாத்திரையை வேறு கொடுத்திருந்தோம். வார்டை விட்டுப் போன பிறகு வருகிற முதல் சில வாரங்களில் இவர்களுக்கு ஆபத்து மிக அதிகம். சிறையிலிருந்து வெளியே வருபவர்களுக்கும் இதே கதிதான்.

"சுத்தம்" என்ற சொல்லையே ஷீட்டில் எழுதாதீர்கள். அதைக் கேட்டால் வீட்டார் வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பார்கள். "திருப்பூருக்கு மாமா வீட்டுக்கு அனுப்பிடுறோம், கூட்டாளி இல்லன்னா சரியாயிடுவான்" என்பார்கள். திருப்பூரிலும் மாத்திரை கிடைக்கும்.

வார்டில் இருக்கும்போதே ப்யூப்ரெனார்ஃபினைத் தொடங்கும் பேச்சை மனநலப் பிரிவு டாக்டரிடம் எடுங்கள். நாக்கின் கீழ் வைக்கும் மாத்திரை இது. ஆசையை அடக்கும், ஓர் அளவுக்கு மேல் மூச்சை அமுக்காது. 2005-லேயே உலக சுகாதார நிறுவனம் இதையும் மெதடோனையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆனால் அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சம், விரிந்த கண்மணி என்று வித்ட்ராயல் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் முதல் மாத்திரை. சாதாரண வலி மாத்திரை என்றால் கடைசியாகப் போட்டு 12 முதல் 24 மணி நேரம் ஆகும். முந்திக் கொடுத்தால் அதுவே வித்ட்ராயலைக் கிளப்பிவிடும். அப்புறம் அந்த மருந்தை அவர் தொடவே மாட்டார்.

"ஒரு போதைக்குப் பதிலா இன்னொரு போதையா?" என்று வீட்டார் கேட்பார்கள். ஒரு விவசாயி அப்பாவிடம் நான் முறைப்பாசனத்தை வைத்துச் சொன்னேன். "ஐயா, மாத்திரைங்கிறது கரை உடைஞ்ச வாய்க்கா. ஒருநாள் பயிர் மூழ்கும், மறுநாள் வயல் வெடிக்கும். இது மதகு. தெனமும் அளவா விடுது. பயிர் வேர் பிடிக்கிற வரைக்கும் மதகைப் பிடுங்கிப் போடுவீங்களா?" அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, எத்தனை மாதம் கொடுக்க வேண்டும் என்று கேட்டார். மாதமல்ல, வருடமும் ஆகலாம் என்று உண்மையைச் சொன்னேன். இப்போதும் அவரே பையனைக் கூட்டிக்கொண்டு வருகிறார்.

இன்னொன்றையும் அனுப்பும் முன் சொல்லியாக வேண்டும். திரும்பவும் போட்டுவிட்டால் என்ன செய்வது என்பது. "அதைச் சொன்னா நாமே அனுமதி கொடுத்த மாதிரி ஆகாதா அக்கா?" என்று புதியவர்கள் தயங்குகிறார்கள். ஆகாது. சொல்லாததால் ஒரு பையன் செத்துப்போனதை நான் பார்த்திருக்கிறேன். பழைய அளவு இனி உயிரை எடுக்கும் என்று அவனிடம் நேராகச் சொல்லுங்கள். அம்மாவிடம் சொல்லுங்கள்: கூப்பிட்டும் எழவில்லை, உதடு நீலம், குறட்டை மாதிரிச் சத்தம் என்றால் உடனே 108. மூச்சு நின்றிருந்தால் ஆம்புலன்ஸ் வரும்வரை வாயோடு வாய் வைத்து ஊதுவது எப்படி என்று செய்து காட்டுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மோர், எலுமிச்சைச் சாறு எதையும் வாயில் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும்.

"போலீஸுக்குத் தெரியாது" என்று வாக்குக் கொடுப்பது

விஷக் கேஸாகப் பதிவானால் காவல் நிலையத்துக்குத் தகவல் போகும். பொய் சொல்லாதீர்கள். 1985-ஆம் வருடப் போதைப்பொருள் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அரசு அல்லது அங்கீகாரம் பெற்ற இடத்தில் முழுச் சிகிச்சை எடுத்தால், பயன்படுத்தியதற்கும் சிறிய அளவு வைத்திருந்ததற்குமான வழக்கிலிருந்து விலக்கு உண்டு. வியாபாரம் செய்தவருக்கு இது பொருந்தாது. இதைச் சொன்ன பிறகு, ஓடப் பார்த்த இரண்டு பேர் தங்கியிருக்கிறார்கள்.

ஊசி போட்டவருக்கு ரத்தப் பரிசோதனையை ஒத்திப்போடுவது

எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி. இருக்கும்போதே எடுங்கள், மறுபடி வருவாரா என்பது நிச்சயமில்லை.

கட்டிப்போடுவது

2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டுவதை 2017-ஆம் வருட மனநலச் சட்டம் அடியோடு தடை செய்கிறது. வீட்டார் கெஞ்சினாலும் செய்யாதீர்கள்.

அடுத்த தேதி இல்லாமல் அனுப்புவது

"முடிஞ்சப்ப வாங்க" என்றால் வரமாட்டார்கள். மூன்றாவது நாளுக்கு ஒரு நேரம் குறித்துக் கொடுங்கள். 14446 என்ற உதவி எண்ணை அம்மாவின் போனில் நீங்களே பதிந்து கொடுங்கள். மூன்றாம் நாள் பத்து மணிக்கு வரவில்லை என்றால் பதினொரு மணிக்கு நீங்கள் கூப்பிடுங்கள்.