கவிழ்த்து வைத்த டம்ளர்: ஊடாட்ட வடிவமைப்பை வீட்டிலேயே பழகலாம்

எங்கள் வீட்டில் தண்ணீர் மோட்டாரின் சுவிட்ச் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. தொட்டி மொட்டை மாடியில். மோட்டாரைப் போட்டுவிட்டு அம்மா நிற்பதோ சமையலறையில். ஓரிடத்தில் நின்றால் மற்ற இரண்டும் கண்ணில் படாது. வாரத்துக்கு ஒரு முறையாவது தொட்டி நிரம்பி வழியும். பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு அப்பாலிருந்து குரல் கொடுத்த பிறகுதான் ஓடிப்போய் நிறுத்துவோம்.

ஊடாட்ட வடிவமைப்பைப் பழக வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் பயிற்சி இந்த மோட்டார்தான். இரண்டு வார இறுதிகள் போதும். கணினி வேண்டாம்.

ஊடாட்ட வடிவமைப்பு, அதாவது இன்டராக்‌ஷன் டிசைன் என்றதும் செல்போன் திரையில் பட்டன்களை அடுக்குவது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஒருவர் ஒன்றைச் செய்கிறார், பொருள் பதில் தருகிறது, அந்தப் பதிலைப் பார்த்து அவர் அடுத்ததைச் செய்கிறார். இந்தக் கொடுக்கல் வாங்கல் முழுவதையும் யோசித்து அமைப்பதுதான் இந்தத் தொழில். பில் மோக்ரிட்ஜ் என்ற பிரிட்டிஷ் வடிவமைப்பாளர், 1982-ல் வெளிவந்த கிரிட் காம்பஸ் என்ற மடக்கும் கணினிக்கு உருவம் கொடுத்தவர். மூடியையும் கீலையும் பார்த்துப் பார்த்துச் செய்தவர். ஆனால் அதைப் பயன்படுத்த உட்கார்ந்த சில நிமிடங்களில் தன் கவனமெல்லாம் திரைக்குள் போய்விட்டதையும், தான் பாடுபட்ட உருவம் மறந்தே போனதையும் உணர்ந்தார். அந்த உள்ளே நடப்பதையும் வடிவமைப்பாளர்களே கையில் எடுக்க வேண்டும் என்று தோன்றியது. பில் வெர்பிளாங்க் என்பவருடன் சேர்ந்து 1980களின் நடுவில் அவர் வைத்த இன்டராக்‌ஷன் டிசைன் என்ற பெயர்தான் இன்றைக்கும் நிற்கிறது.

எடுத்துக்கொள்ள வேண்டியவை: ஏ4 தாள் ஒரு கட்டு, தடித்த முனையுள்ள ஸ்கெட்ச் பேனா, பழைய அட்டைப் பெட்டி, கத்தரிக்கோல், பசை, ஒத்தாசைக்கு ஓரிருவர். பென்சிலையும் ரப்பரையும் எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். ரப்பர் கையில் இருந்தால் ஒரே படத்தை அழித்து அழித்து அழகாக்கத் தோன்றும். நமக்கு வேண்டியது பல படங்கள்.

முதல் படி: பார்த்து எழுதுங்கள்

ஒரு நாள் முழுவதும் யாரிடமும் எதுவும் கேட்காமல் பாருங்கள். கேட்டால் மனிதர்கள் தாங்கள் செய்வதாக நினைப்பதைச் சொல்வார்கள். உண்மையில் செய்வது கொஞ்சம் வேறாக இருக்கும். கை எங்கே போனது, கண் எங்கே போனது, மணி என்ன என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

குறிப்புகளைப் பிரித்துப் பார்க்க வெர்பிளாங்க் கேட்ட மூன்று கேள்விகள் உதவும். எப்படிச் செய்கிறீர்கள்? எப்படி உணர்கிறீர்கள்? எப்படி அறிகிறீர்கள்? எங்கள் மோட்டாருக்கு இவற்றைப் போட்டுப் பார்த்தேன். செய்வதற்கு ஒரு சுவிட்ச் இருக்கிறது, அதில் குறையில்லை. உணர்வதற்கு மோட்டாரின் உறுமல். அதுவும் மாடிப்படி தாண்டினால் கேட்பதில்லை. அறிவதற்கு ஒன்றுமே இல்லை. தொட்டி பாதி நிரம்பியதா, மோட்டார் காற்றுப் பிடித்துச் சும்மா சுற்றுகிறதா, நடுவில் மின்சாரம் போய்விட்டதா, எதுவும் சமையலறைக்கு வந்து சேராது. வழிகிற தண்ணீர்தான் வீட்டுக்குக் கிடைக்கும் முதல் செய்தி.

அன்று காலை வேறொன்றையும் பார்த்தேன். இத்தனை வருடம் கண்ணெதிரே நடந்தும் நான் கவனிக்காதது. மோட்டாரைப் போட்டுவிட்டு வந்த அம்மா, அலமாரியிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்து, அடுப்பு மேடையின் ஓரத்தில் கவிழ்த்து வைத்தார். அரிசி களைந்தார், மிளகாய் வறுத்தார், இடையிடையே டம்ளரைப் பார்த்தார். முப்பத்தைந்து நிமிடம் கழித்துப் போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்ததும், டம்ளரை எடுத்து நிமிர்த்தி உள்ளே வைத்தார். டம்ளர் கவிழ்ந்திருந்தால் மோட்டார் ஓடுகிறது என்று அர்த்தம். அது அவராகவே செய்துகொண்ட அறிவிப்புப் பலகை.

இப்படி மனிதர்கள் தாங்களாகவே கட்டிக்கொண்ட சின்ன உபாயம் ஒன்றாவது உங்கள் குறிப்பில் இருக்க வேண்டும். முந்தானையில் போட்ட முடிச்சு, கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதியைக் காலண்டரில் வட்டமிடுவது, சாவியைச் செருப்புக்குள் போடுவது, இப்படி ஏதாவது. கிடைக்கவில்லை என்றால் இன்னொரு நாள் பாருங்கள்.

இரண்டாம் படி: கேள்வியைத் திருத்துங்கள்

நான் முதலில் எழுதிய கேள்வி: தொட்டி வழியாமல் தடுப்பது எப்படி? இப்படிக் கேட்டால் ஒரே பதில்தான் வரும். மிதவை வைத்த தானியங்கி சுவிட்ச் எல்லா மின்சாதனக் கடைகளிலும் கிடைக்கிறது. தண்ணீரை மிச்சப்படுத்துவது மட்டும்தான் உங்கள் நோக்கம் என்றால் தயங்காமல் அதை வாங்கி மாட்டிவிடுங்கள், நல்ல பொருள்.

ஆனால் குறிப்பைத் திரும்பப் படித்தபோது, அம்மா எப்போதும் தொட்டியை நிரப்புவதில்லை என்று தெரிந்தது. கீழ்த் தொட்டியில் தண்ணீர் குறைவாக இருக்கும் நாளில் பாதியில் நிறுத்துகிறார். விருந்தாளி வரும் நாளில் இரண்டு முறை போடுகிறார். எவ்வளவு ஏற்றுவது என்பது அவர் முடிவு. அதைப் பறித்துக்கொள்ளும் எதுவும் அந்த வீட்டில் நிலைக்காது. ஆகவே கேள்வியை மாற்றினேன்: சமையலறையில் கைவேலையாக நிற்கும் ஒருவருக்கு, கண்ணில் படாத மோட்டார் ஓடிக்கொண்டிருப்பது எப்படித் தெரியும்? அங்கிருந்தே அதை எப்படி நிறுத்துவார்?

கேள்விக்குள் ஒரு மனிதரும் ஓர் இடமும் வந்துவிட்டால் அது வடிவமைப்புக்குத் தயார். புதியவர்கள் பெரும்பாலும் இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கிறார்கள். பிறகு கற்பனை வரவில்லை என்று வருந்துகிறார்கள். குறுகலான கேள்வியை வைத்துக்கொண்டு எவ்வளவு யோசித்தாலும் கடையில் விற்கும் பொருள்தான் மனத்தில் வரும்.

மூன்றாம் படி: எட்டு நிமிடத்தில் எட்டுப் படம்

தாளை மூன்று முறை மடித்து விரித்தால் எட்டுக் கட்டங்கள் கிடைக்கும். கட்டத்துக்கு ஒரு நிமிடம். செல்போனில் நேரம் வைத்துக்கொண்டு வரையுங்கள். குச்சி மனிதர்கள் போதும்.

என் தாளில் முதல் மூன்று கட்டம்: செல்போன் செயலி, அழைப்பு மணி, சிவப்பு விளக்கு. யார் வரைந்தாலும் இவைதான் வரும், வரட்டும். நான்காவது, ஐந்தாவது கட்டத்தில் மூளை வறண்டுவிடும். பேனாவைக் கீழே வைக்கத் தோன்றும் அந்த நேரத்தில் வைக்காதீர்கள். புலனை மாற்றிக் கேட்டுப் பாருங்கள்: கண்ணுக்குத் தெரிவதற்குப் பதில் கைக்குத் தெரிந்தால்? எடையாகத் தெரிந்தால்? குளிர்ச்சியாகத் தெரிந்தால்? என் ஐந்தாவது கட்டத்தில் தொட்டியிலிருந்து ஒரு மெல்லிய குழாய் சமையலறைச் சுவர் வழியாக இறங்குகிறது, தண்ணீர் ஏற ஏற அதிலும் ஏறுகிறது. ஆறாவதில் மோட்டார் ஓடும்வரை சமையலறைக் கதவு சாத்தவே சாத்தாது. நடக்காத காரியம்தான். ஆனால் அந்தக் கதவை வரைந்தபோதுதான், அறிவிப்பு என்பது வேலை செய்பவரின் வழியிலேயே குறுக்கே நிற்க வேண்டும் என்பது பிடிபட்டது. அடுத்த கட்டத்தில் கை தானாகவே அந்த டம்ளரை வரைந்தது.

நான்காம் படி: நேரத்தை வரையுங்கள்

பொருளை மட்டும் வரைந்தால் அது எப்போதும் நன்றாகவே தெரியும். அதனால் பிடித்த மூன்று யோசனைகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு கட்டத்தில் ஒரு படக்கதை வரையுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஆள் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறார், கையில் என்ன இருக்கிறது, சுற்றிலும் என்ன சத்தம் என்று காட்டுங்கள்.

இரண்டாவது கட்டத்திலேயே விளக்கு தோற்றது, அம்மா அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மணி, மிக்சி ஓடும் கட்டத்தில் தோற்றது. செயலிக்கு இன்னும் மோசம். காலை ஏழு மணிக்கு அம்மாவின் செல்போன் கூடத்தில் சார்ஜில் கிடக்கிறது. ஒரு ரூபாய் செலவில்லாமல் மூன்று யோசனைகள் கழிந்தன. மிஞ்சி நின்றது டம்ளர்தான்.

ஐந்தாம் படி: அட்டையில் செய்து கையில் கொடுங்கள்

சந்திப்பு நேரங்களையும் முகவரிகளையும் குறித்துவைக்கும் பாம் பைலட் என்ற கையடக்கக் கருவி 1996-ல் வெளிவந்தது. அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், எந்த மின்சுற்றும் தயாராவதற்கு முன்பே, அதே அளவில் ஒரு மரக்கட்டையைச் செதுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். சாப்ஸ்டிக் குச்சியை வெட்டி எழுதுகோலாக வைத்துக்கொண்டார். யாராவது சந்திக்க நேரம் கேட்டால், கட்டையை எடுத்து அதன்மேல் தட்டிப் பார்ப்பார். எந்த அளவு பையில் உறுத்தாது, எந்தெந்த வேலைக்கு உண்மையிலேயே கை அதைத் தேடுகிறது என்பதையெல்லாம் அந்த மரத்துண்டு சொல்லிக்கொடுத்தது.

நாமும் அதையே செய்யப்போகிறோம். அட்டையைச் சுருட்டி டம்ளர் அளவுக்கு ஒட்டினேன். உள்ளே ஒரு பழைய பட்டன் போனை அதிர்வில் வைத்துத் துணி சுற்றித் திணித்தேன். வெறும் அட்டை தூக்கும்போது பொய்யாகத் தெரியும், அதனால் இரண்டு கூழாங்கல்லும் போட்டேன். மேலே பேனாவால் ‘நிறுத்து’ என்று ஒரு பட்டன் வரைந்தேன். அரை மணி நேர வேலை. அழகாகச் செய்யாதீர்கள். பாடுபட்டுச் செய்ததாகத் தெரிந்தால் பார்ப்பவர்கள் குறை சொல்லக் கூச்சப்படுவார்கள்.

ஆறாம் படி: ஆளை ஒளித்துவைத்துச் சோதியுங்கள்

ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் கோல்டும் அவருடைய குழுவும், பேசினால் தட்டச்சு செய்யும் இயந்திரம் மக்களுக்குப் பயன்படுமா என்று பார்க்க விரும்பினார்கள். அப்படி ஓர் இயந்திரம் அப்போது கிடையாது. பேசுபவரை ஓர் அறையில் உட்காரவைத்து, அடுத்த அறையில் தேர்ந்த தட்டச்சர் ஒருவரை வைத்தார்கள். இவர் பேசப் பேச அவர் தட்டினார், எழுத்து திரையில் வந்தது. அந்தச் சோதனையின் முடிவு 1983-ல் வெளியானது. அதே கோல்டு, 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் வீரர்களுக்கான குரல்வழிச் செய்தி அமைப்பைச் செய்த குழுவிலும் இருந்தார். அங்கும் காகிதத்தில் எழுதிய காட்சிகளில்தான் வேலை தொடங்கியது.

எங்கள் ஏற்பாடு இது: தம்பி மொட்டை மாடியில் தொட்டிப் பக்கம். அக்கா மகன் மாடிப்படிக்குக் கீழே சுவிட்சருகில். நான் சமையலறை வாசலில் குறிப்பேட்டோடு. தொட்டி நிரம்பும் தறுவாயில் தம்பி அட்டை டம்ளருக்குள் இருக்கும் போனுக்கு அழைக்க வேண்டும். அம்மா பட்டனைத் தொட்டால் நான் கையை உயர்த்துவேன், பையன் மோட்டாரை நிறுத்துவான்.

சோதிக்கும்போது விளக்கம் சொல்லாதீர்கள், இதுதான் மிகக் கடினம். அவர் தடுமாறினாலும் வாயைத் திறக்காமல் கை எங்கே போகிறது என்று எழுதுங்கள்.

அம்மா மோட்டாரைப் போட்டுவிட்டு வந்தார். அட்டை டம்ளரை எடுத்தார். நான் பட்டன் வரைந்திருந்த பக்கத்தைப் பார்க்கவே இல்லை, பழக்கத்தில் கவிழ்த்து வைத்தார். பட்டன் மேடையோடு போயிற்று. அரை மணி கழித்து அது உறுமி, கருங்கல் மேடை முழுவதும் அதிர்ந்தது, மிக்சி ஓடியும் அவருக்குத் தெரிந்துவிட்டது. ஈரக்கையால் அதை எடுத்து நிமிர்த்தி வைத்துவிட்டு, மாடிப்படிப் பக்கம் திரும்பினார்.

நான் கையை உயர்த்திவிட்டேன். மோட்டார் நின்றது.

பட்டன் தேவையே இல்லை என்பதை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. கவிழ்த்தால் ஓடும், நிமிர்த்தினால் நிற்கும். அவர் கை பல வருடங்களாகச் செய்துகொண்டிருந்ததற்கு என் அட்டைத் துண்டு அன்றுதான் பதில் சொன்னது. இந்தத் தருணத்துக்காகத்தான் இத்தனை படிகளும். தாளின் முன் எத்தனை நாள் உட்கார்ந்திருந்தாலும் எனக்கு இது கிடைத்திருக்காது.

ஏழாம் படி: ஒன்றை மட்டும் மாற்றி மறுபடியும்

ஒரே நேரத்தில் நான்கு மாற்றம் செய்தால் எது உதவியது என்று தெரியாது. பட்டனை மட்டும் எடுத்துவிட்டு மறுநாள் மீண்டும் சோதித்தோம். இந்த முறை மேடைக்கு வந்தவர் அப்பா. டம்ளர் என்று நினைத்துத் தண்ணீர் குடிக்கத் தூக்கி நிமிர்த்தினார். விதிப்படி நான் கையை உயர்த்த, தொட்டி பாதியில் நின்றுவிட்டது. உருவம் டம்ளரையே ஒத்திருந்தால் குடிக்கத்தான் எடுப்பார்கள். மூன்றாவது மாதிரியைச் சதுரமாக, மேலே மூடி, பிடிப்பதற்கு இடுப்பு ஒடுங்கியதாக, அரிசி அளக்கும் பழைய படியைப் போல ஒட்டினேன். அப்பா அதைத் தொடவில்லை. அம்மா கேட்காமலேயே கவிழ்த்தார்.

ஒவ்வொரு தாளிலும் தேதி போட்டுக் கோப்பில் வையுங்கள், கழித்த யோசனைகளையும் சேர்த்து. மோட்டார் ஓடும்போது மின்சாரம் போனால் கவிழ்ந்திருக்கும் அந்த அட்டை மாதிரி என்ன சொல்ல வேண்டும் என்பதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. வரும் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அக்கா மகன் மெயின் சுவிட்சை அணைக்கப்போகிறான். அம்மாவிடம் சொல்லவில்லை.