அணுமின் நிலையப் பெயிண்ட் ஆய்வு: புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

சென்னையில் கோட்டிங் இன்ஸ்பெக்டர், அதாவது பெயிண்ட் பூச்சைச் சோதிப்பவர், பயிற்சிக்கு வருபவர்களில் பலர் எண்ணூர், மணலிப் பக்கம் டேங்க், பைப்லைன் வேலை பார்த்தவர்கள். பூச்சின் கனத்தை அளக்கும் கேஜ் பிடிக்கத் தெரியும், பிளாஸ்டிங் (துகள்களை வேகமாக அடித்து இரும்பைச் சுத்தம் செய்வது) தரத்தைக் கண்ணாலேயே சொல்வார்கள். அந்த அனுபவத்தை அப்படியே அணுமின் நிலையத்துக்குள் தூக்கிக்கொண்டு போவதுதான் பெரிய தவறு.

எண்ணெய் டேங்கில் பெயிண்ட் உரிந்தால் இரும்பு துருப்பிடிக்கும். அணு உலைக் கட்டடத்துக்குள் கதை வேறு. அங்கே குழாய் உடைந்து தண்ணீர் கொட்டினால், அது கீழே சம்ப் எனும் தொட்டியில் சேரும். பம்ப் அதை வடிகட்டி வழியாக உறிஞ்சி, உலையைக் குளிர்விக்கத் திரும்ப அனுப்பும். உரிந்த பெயிண்ட் துண்டுகள் அந்த வடிகட்டியில் போய் ஒட்டினால் பம்புக்குத் தண்ணீர் கிடைக்காது. 1992இல் சுவீடனின் பார்செபெக் நிலையத்தில் வடிகட்டியை அடைத்தது பெயிண்ட் அல்ல, நீராவி பிய்த்தெறிந்த வெப்பக்காப்புப் பஞ்சு. ஆனாலும் அதற்கப்புறம்தான் வடிகட்டியை எதெல்லாம் அடைக்கும் என்று பல நாடுகளும் தீவிரமாகப் பார்க்கத் தொடங்கின. உலைக் கட்டடத்துக்குள் இருக்கும் இந்த வகைப் பூச்சுக்கு ‘சர்வீஸ் லெவல் 1’ என்று பெயர். எந்தச் சுவர் எந்த லெவல் என்று கேட்காமல் வேலையைத் தொடங்கவே கூடாது.

அடுத்தது, கனம் கூடினால் நல்லது என்ற நினைப்பு. கதிர்வீச்சு, நீராவிச் சோதனைகளில் தேறியது குறிப்பிட்ட கன வரம்புக்குள் அடித்த பூச்சுதான். மேல் வரம்பைத் தாண்டினால் அந்தத் தேர்ச்சி செல்லாது. 300 மைக்ரான் இருக்க வேண்டிய இடத்தில் 500 இருந்தால், குறைவாக இருந்தால் எழுதுவது போலவே அதையும் எழுத வேண்டும். கான்ட்ராக்டர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

நம்மூரில் அதிகம் கோட்டை விடுவது பனிப்புள்ளியில், அதாவது காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையில். “ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழேதானே, அடிக்கலாம்” என்பார்கள். காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் பனிப்புள்ளி ஏறக்குறைய 26. இரும்பு அதைவிடக் குறைந்தது 3 டிகிரி கூடுதலாக, அதாவது 29 இருக்க வேண்டும். இரவெல்லாம் குளிர்ந்த தடித்த தகடு காலையில் 27தான் காட்டும். காற்று சூடாகும் வேகத்தில் இரும்பு சூடாகாது. கண்ணுக்குத் தெரியாத ஈரத்தின் மேல் பெயிண்ட் உட்கார்ந்துவிடும். காலையில் எடுத்த ஒரே அளவை நாள் முழுக்க ஓட்டுவதும் தவறு. மதியம் கடல்காற்று ஏறினால் கணக்கே மாறிவிடும்.

கல்பாக்கம் மாதிரி கடலோரத்தில் உப்பையும் மறக்கக் கூடாது. பிளாஸ்டிங் முடிந்த தகடு பளிச்சென்று இருந்தாலும் உப்பு ஒளிந்திருக்கும். உப்பைச் சோதிக்கும் பிரெஸ்லே பேட்ச் என்ற ஒட்டுப் பட்டையை ஒட்டிப் பார்த்துவிட வேண்டும்.

கேஜை வழுவழுப்பான தகட்டில் ஜீரோ செய்துவிட்டு, சொரசொரப்பான பிளாஸ்டிங் பரப்பில் அளந்தால் ரீடிங் கூடுதலாகக் காட்டும். அந்த வித்தியாசத்தைக் கழிக்காமல் எழுதுகிறார்கள். ரிப்போர்ட்டை சாயங்காலம் ரூமில் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து நிரப்புவது இன்னும் மோசம். பெயிண்ட் டின்னின் பேட்ச் நம்பர், கலந்த நேரம், அடித்த நேரம் எல்லாம் அந்த இடத்திலேயே ஏற வேண்டும். சில வருடம் கழித்துப் பூச்சு உரிந்தால் முதலில் தேடுவது அந்தத் தாளைத்தான்.

சின்ன விஷயம் ஒன்று: குறை இருக்கும் இடத்தை வட்டமிடப் பையிலிருக்கும் சாதாரண மார்க்கரை எடுக்காதீர்கள். அதில் குளோரைடு இருந்தால் பக்கத்திலுள்ள ஸ்டெயின்லெஸ் குழாயில் விரிசல் வர வழி உண்டு. நிலையத்தில் அனுமதித்த மார்க்கரையே கேட்டு வாங்குங்கள். வேலை முடிந்ததும் மூடியோடு எண்ணித் திருப்பிக் கொடுங்கள்.